மிச்சமாகும் பத்து மில்லிமீட்டர்

தைவானின் வியா நிறுவனம் 2001இல் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டை அறிமுகப்படுத்தியபோது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கணினிகளே அதன் நோக்கம். நீளமும் அகலமும் 170 மில்லிமீட்டர் கொண்ட அதே அளவுப் பலகையில் இன்று விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் போதுமான பிராசசரைப் பொருத்தி, பக்கத்திலேயே முழு வலிமையுள்ள கிராபிக்ஸ் கார்டையும் வைத்துவிடுகிறார்கள். டான் ஏ4 கேபினட்டின் முதல் வடிவம் வெறும் 7.2 லிட்டர். அதில் பிராசசரின் மேல் கூலருக்குக் கிடைக்கும் உயரம் 48 மி.மீ. மட்டுமே. வழக்கமான 25 மி.மீ. தடிமன் விசிறி இத்தகைய பெட்டிகளில் பாதி இடத்தைத் தின்றுவிடும் என்பதால் 14, 15 மி.மீ. தடிமனில் மெல்லிய விசிறிகள் வந்தன. இவற்றில் சத்தமில்லாத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் விசிறி அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் டெசிபல் எண் எது குறைவு என்று பார்த்து வாங்குகிறார்கள். அந்த எண்ணால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மெல்லிய விசிறி 10 மி.மீ. இடத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. அந்த 10 மி.மீ.யை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் கணினி அமைதியாக ஓடுமா, இரையுமா என்பது முடிவாகிறது.

ஒரே நிறுவனத்தின் இரண்டு விசிறிகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். ஆஸ்திரியாவின் நாக்டுவா தயாரிக்கும் என்எஃப்-ஏ12x25, என்எஃப்-ஏ12x15 இரண்டுமே 120 மி.மீ. அகலம் கொண்டவை, தடிமன்தான் வேறு. தடித்தது நிமிடத்துக்கு 2000 சுற்று, மெல்லியது 1850 சுற்று. தடித்தது மணிக்கு 102.1 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது, மெல்லியது 94.2. தடிமனில் நாற்பது சதவீதத்தை வெட்டிய பிறகும் காற்றின் அளவு எட்டு சதவீதம்கூடக் குறையவில்லை. சுழற்சி வேகம் குறைந்த அதே விகிதத்தில்தான் காற்றும் குறைந்திருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டால் மெல்லிய விசிறியால் இழப்பே இல்லை என்று தோன்றும். அடுத்த வரியில் அழுத்தம் இருக்கிறது: தடித்த விசிறிக்கு நீர்மட்ட அளவில் 2.34 மி.மீ., மெல்லியதற்கு 1.53 மி.மீ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிவு. வேக வித்தியாசத்தைக் கணக்கில் கழித்துப் பார்த்தாலும், ஒரே வேகத்தில் மெல்லிய விசிறி கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அழுத்தத்தை இழக்கிறது. இரைச்சலோ, வேகம் குறைவாக இருந்தும், 22.6இலிருந்து 23.9 டெசிபலுக்கு ஏறுகிறது. ஆக, தடிமன் குறையும்போது நாம் முதன்மையாக இழப்பது அழுத்தத்தை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதோ காற்றின் அளவு.

இதற்குக் காரணம் இறக்கையின் ஆழம். விசிறியின் இறக்கை காற்றைப் பிடித்துத் திருப்பித் தள்ளுவதற்கு ஓரளவு நீளம் வேண்டும். எதிரே தடை ஏதுமில்லாத வெளியில் குறைந்த ஆழமுள்ள இறக்கையும் காற்றை நகர்த்திவிடும். நெருக்கமான ஹீட்சிங்க் தகடுகளோ தூசி வடிகட்டியோ துளையிட்ட இரும்புத் தகடோ குறுக்கே நின்றால், ஆழமில்லாத இறக்கையால் எதிர்த்துத் தள்ள முடிவதில்லை. விவரப்பட்டியலில் அச்சாகும் காற்றளவு, எதிர்ப்பே இல்லாத நிலையில் கிடைப்பது. அழுத்தம், காற்று முற்றிலும் அடைபட்ட நிலையில் கிடைப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. உண்மையில் விசிறி இந்த இரு முனைகளுக்கு நடுவே, பெட்டியின் எதிர்ப்பு எங்கே நிறுத்துகிறதோ அங்கே ஓடுகிறது. எதிர்ப்பு கூடக் கூட மெல்லிய விசிறி வேகமாகச் சரிகிறது. அதை ஈடுகட்ட நாம் வேகத்தைக் கூட்டுகிறோம். விசிறி விதிகளின்படி வேகம் இருமடங்கானால் காற்று இருமடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு, அதற்குச் செலவாகும் ஆற்றல் எட்டு மடங்கு. இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்றும். மேலே சொன்ன அழுத்த இழப்பை வேகத்தால் மட்டும் மீட்க வேண்டுமானால் 14 சதவீதம் கூடுதலாகச் சுழற்ற வேண்டும்; அதற்கான அபராதம் ஏறக்குறைய 3 டெசிபல். இடத் தட்டுப்பாடு இல்லாதபோது தயாரிப்பாளர்கள் எந்தத் திசையில் போகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஃபேன்டெக்ஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட டி30 விசிறி 25 மி.மீ.யையும் தாண்டி 30 மி.மீ. தடிமனுக்குப் போனது. மெல்லிய விசிறியை அதனளவில் யாரும் விரும்புவதில்லை. வேறொன்றுக்கு இடம் தேவைப்படுவதால்தான் அதை நாடுகிறோம்.

அந்த வேறொன்று என்ன? முதலாவது, விசிறிக்கு முன்னால் உள்ள வெற்றிடம். சிறு கேபினட்டுகளில் எழும் எரிச்சலூட்டும் சத்தத்தில் பெரும்பகுதி விசிறியின் மோட்டாரிலிருந்து வருவதில்லை. காற்றை உறிஞ்சும் பக்கத்தில், இறக்கைக்கு ஒட்டினாற்போல் துளைத் தகடு நிற்கும்போது, காற்று சீராக நுழையாமல் கிழிந்து சுழல்களாக வந்து இறக்கைகளில் மோதுகிறது. ஒவ்வொரு இறக்கையும் அந்தக் கலங்கலை வெட்டும்போது ஒரு குறிப்பிட்ட சுருதியில் ரீங்காரம் எழுகிறது. ஏழு இறக்கையுள்ள விசிறி 1800 சுற்றில் ஓடினால் அந்தச் சுருதி 210 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளும் கூடவே கேட்கும். அகன்று பரவிய காற்றொலியைக் காது விரைவில் மறந்துவிடுகிறது. ஒற்றைச் சுருதியை அப்படி மறப்பதில்லை. டெசிபல் மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டலாம். காற்று வெளியேறும் பக்கத்தில் இதே தகடு இருந்தால் பாதிப்பு குறைவு, ஏனென்றால் கலங்கல் இறக்கையைக் கடந்த பிறகு உண்டாகிறது. இதனால்தான் நாக்டுவா, உறிஞ்சும் பக்கத்தில் விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்க 5 மி.மீ. தடிமனுள்ள இடைச்சட்டத்தைத் தனிப்பொருளாகவே விற்கிறது. 15 மி.மீ. விசிறியும் 5 மி.மீ. இடைச்சட்டமும் சேர்ந்தால் 20 மி.மீ.தான். தகட்டோடு ஒட்டி நிற்கும் 25 மி.மீ. விசிறியைவிட இந்தக் கூட்டணி இன்னும் 5 மி.மீ. குறைவான இடத்தில் அடங்கி, அந்த ரீங்காரத்தையும் தணிக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் சில மில்லிமீட்டர் காலி இடம் விசிறியின் ஒரு பாகமே என்று நான் கருதுகிறேன். அதைக் கணக்கில் சேர்க்காமல் விசிறியைத் தேர்ந்தெடுப்பது அரைக்கணக்கு.

இரண்டாவது, ஹீட்சிங்க். இங்கேதான் விவாதம் சூடாக நடக்கிறது. 48 மி.மீ. உயரத்தை எப்படிப் பங்கிடுவது? நாக்டுவாவின் என்எச்-எல்9 கூலர் விசிறியின்றி 23 மி.மீ., 14 மி.மீ. விசிறியோடு 37 மி.மீ. அந்த மெல்லிய விசிறியைக் கழற்றிவிட்டு 92 மி.மீ. அகலமுள்ள 25 மி.மீ. விசிறியைப் பூட்டினால் சரியாக 48 மி.மீ. ஆகிவிடும். பெட்டிக்கும் கூலருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. இதற்கு மாற்றாகத் தெர்மல்ரைட்டின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 கூலர் இருக்கிறது. அது 15 மி.மீ. விசிறியோடு 47 மி.மீ.; மீதி 32 மி.மீ. முழுக்க ஹீட்சிங்க். முன்னதில் இரண்டு வெப்பக் குழாய்கள், பின்னதில் நான்கு. தடித்த விசிறிக் கட்சியினர், அழுத்தம் கூடுதலாகக் கிடைப்பதால் குறைந்த வேகத்தில் அதே காற்றைத் தகடுகளுக்குள் செலுத்தலாம் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த விசிறி துளைத் தகட்டோடு ஒட்டி நின்று காற்றை உறிஞ்ச வேண்டியிருப்பதால், முன்பத்தியில் சொன்ன ரீங்காரம் முழுதாகத் திரும்பிவருகிறது. ஒரு மில்லிமீட்டரே மிஞ்சும் மெல்லிய விசிறிக் கூலருக்கும் இந்தச் சிக்கல் உண்டு; ஆனால் தடித்த விசிறியால் ஹீட்சிங்கின் பரப்பை உருவாக்க முடியாது. தகடுகளின் பரப்பு கூடினால் அதே வெப்பத்தைக் குறைந்த காற்றே எடுத்துச்செல்லும். வெப்பக் குழாய்கள் கூடினால் சிப்பின் சிறு பரப்பிலிருந்து வெப்பம் விரைவாகப் பரவும். மிச்சமான இடத்தை உலோகமாக்குவது நிரந்தர லாபம். அதை விசிறியின் தடிமனாக்குவது, வேகம் கூடும்போதெல்லாம் சத்தமாகக் கழியும் லாபம். இரண்டில் ஒன்றைச் சொல்லென்றால், 48 மி.மீ.க்குள் உலோகத்தின் பக்கமே நிற்பேன். உயரம் 65 மி.மீ.யைத் தாண்டும் பெட்டிகளில் நிலைமை மாறுகிறது: அங்கே ஹீட்சிங்க் போதுமான அளவுக்கு வளர்ந்துவிடுவதால் 25 மி.மீ. விசிறிக்கும் நியாயமான இடம் உண்டு.

கூலருக்கும் பெட்டியின் துளைத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் இன்னொரு சிக்கல் வரும். விசிறி வெளிக்காற்றை உறிஞ்சாமல், ஹீட்சிங்கிலிருந்து வெளிவந்து பெட்டிக்குள் சுற்றும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். இதற்கு விசிறியின் விளிம்பிலிருந்து தகடுவரை மென்பஞ்சு வளையங்களை அடுக்கிக் குழல்போல் மூடினால் போதும். என்எச்-எல்9 கூலருக்கென்றே அதன் தயாரிப்பாளர் இப்படியொரு குழலை விற்கிறார். மற்ற கூலர்களுக்குப் பஞ்சுத் தாளை வெட்டியோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ பொருத்திக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குள் முடியும் இந்த வேலை, பல ஆயிரம் கொடுத்து விசிறியை மாற்றுவதைவிடப் பெரிய பலனைத் தரக்கூடும்.

தடிமனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது அகலம் மறந்துபோகிறது. 120 மி.மீ. விசிறியின் முகப்பரப்பு 92 மி.மீ. விசிறியைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. ஒரே வடிவமைப்பைப் பெரிதாக்கியதாக வைத்துக்கொண்டால், 92 மி.மீ. விசிறி 2000 சுற்றில் தள்ளும் காற்றை 120 மி.மீ. விசிறி சுமார் 900 சுற்றிலேயே தள்ளிவிடும். அந்த வேகத்தில் அழுத்தம் குறைவு என்பதால் முழு லாபமும் கைக்கு வராது. ஆயினும் பெரும்பகுதி வரும். ஆகவே 15 மி.மீ. தடிமனில் 120 மி.மீ. அகலத்துக்குப் பெட்டி இடம் தருமானால், 25 மி.மீ. தடிமனுள்ள 92 மி.மீ. விசிறியை விட்டுவிட்டு அதையே எடுக்க வேண்டும். நாக்டுவாவின் என்எச்-எல்12எஸ் கூலரில் 15 மி.மீ. விசிறியைத் தகடுகளுக்கு மேலே வைக்காமல் அடியில் நுழைத்து, மொத்த உயரத்தை 70 மி.மீ.க்குள் அடக்கியிருக்கிறார்கள். உறிஞ்சும் பக்கமும் பெட்டியின் துளைத் தகட்டுக்கு ஒட்டாமல் விலகி நிற்கிறது. மெல்லிய விசிறியின் உண்மையான மதிப்பு இத்தகைய அமைப்புகளில்தான் தெரிகிறது.

இத்தனைக்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்? ஏஎம்டி பிராசசருக்கு 65 வாட் என்று குறிப்பிட்டிருந்தால் அது உண்மையில் 88 வாட் வரை எடுக்கும். 105 என்றால் 142. 170 என்றால் 230. இன்டெலின் ஐ9-13900கே 253 வாட் வரை போகும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கன மீட்டர் காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியேறினால், வெளியேறும் காற்று உள்ளே வந்ததைவிட 15 டிகிரி சூடாக இருக்கும். காற்று பாதியானால் 30 டிகிரி. இது இயற்பியல் கணக்கு. எந்த விசிறியாலும் இதை ஏய்க்க முடியாது. அடைப்புள்ள சிறு பெட்டியில் 15 மி.மீ. விசிறி அமைதியாக ஓடும் வேகத்தில் அதன் அச்சிட்ட காற்றளவில் பாதி கிடைத்தாலே நல்லது. இதோடு அறையின் வெப்பமும் சேர்கிறது. நாம் படிக்கும் விசிறி, கூலர் சோதனைகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறைகளில் நடப்பவை. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத சென்னை அறையோ மதுரை அறையோ 34 டிகிரியில் சாதாரணமாக நிற்கும். சிப்பை 85 டிகிரிக்குள் வைக்க விரும்பினால், 22 டிகிரி அறையில் கையில் 63 டிகிரி இடைவெளி உண்டு. 34 டிகிரி அறையில் 51தான். அதே விசிறி வேகத்தில் அதே கூலர் தாங்கும் வெப்பம் 19 சதவீதம் குறைந்துவிடுகிறது: 88 வாட் தாங்கியது 71 வாட்தான் தாங்கும். ஆகவே வெளிநாட்டுச் சோதனையில் அமைதியாக இருந்த கூட்டணி இங்கே கோடையில் இரைவதில் வியப்பில்லை. பயோஸில் மின்வரம்பைக் குறைப்பதும் கிராபிக்ஸ் கார்டின் மின்னழுத்தத்தைச் சற்று இறக்குவதும் செலவில்லாத வழிகள். உச்ச வேகத்தின் கடைசிச் சில சதவீதத்துக்காகச் சிப்புகள் மிக அதிக மின்சாரத்தை விழுங்குவதால், அதை விட்டுக்கொடுத்தால் இழப்பு சிறிது, அமைதி பெரிது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரைசன் 7000 வரிசைச் சிப்புகள் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொல்கிறதே, விசிறியை மெதுவாக ஓடவிட்டுச் சிப்பைச் சூடாகவே விட்டால் என்ன என்பார்கள். சிப்பைப் பொறுத்தவரை இது பெருமளவு நியாயமான வாதம். ஆனால் ஏழு லிட்டர் பெட்டிக்குள் சிப் தனியாக இல்லை. அதே காற்றை நம்பித்தான் மதர்போர்டின் மின்சுற்றுகளும் ராமும் எஸ்எஸ்டியும் இருக்கின்றன. எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையின் உயரமே 63.5 மி.மீ. என்பதால் அதற்குள்ளும் பெரும்பாலும் 92 மி.மீ. அகலமுள்ள ஒரு மெல்லிய விசிறி ஓடுகிறது. பெட்டிக் காற்று சூடேறினால் நாம் தேர்ந்தெடுக்காத அந்த விசிறி முந்திக்கொண்டு இரையும். சிப்பைச் சூடாக விடலாம். பெட்டிக்குள் வெப்பம் தேங்கக் கூடாது.

தண்ணீர்க் குளிர்விப்பை முன்வைப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் பரப்பு பெரிது என்பது மறுக்க முடியாத அனுகூலம். ஆனால் 27 மி.மீ. ரேடியேட்டருக்கு இடம் தேடி அதன்மேல் 15 மி.மீ. விசிறிகளைப் பூட்டும்போது, மெல்லிய விசிறி எதில் பலவீனமோ அந்த அழுத்தத்தையே நெருக்கமான ரேடியேட்டர் கேட்கிறது. பம்பின் ஓசை வேறு, கணினி சும்மா இருக்கும்போதும் நிற்பதில்லை. 200 வாட்டுக்கு மேல் எடுக்கும் சிப் இருந்தாலன்றிச் சிறு பெட்டியில் இந்த வழி அமைதிக்கு உதவுவது அரிது.

மூன்றாவது மறுப்பு நம் வீடுகளைச் சேர்ந்தது: தலைக்குமேல் சீலிங் ஃபேன் சுழலும் அறையில் இரண்டு மூன்று டெசிபலை யார் கேட்கப்போகிறார்கள்? பகலில், காற்றொலி அளவில், இது சரி. அதனால் 16 டெசிபலா 20 டெசிபலா என்ற பட்டியல் வேறுபாட்டுக்காக இருமடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரீங்காரமும் வேகம் ஏறி இறங்கும் ஓசையும் மட்டும் சீலிங் ஃபேனின் இரைச்சலை ஊடுருவிக்கொண்டு கேட்கும். அவற்றைத் தணிப்பது விலையுயர்ந்த விசிறியைவிட, இடைவெளியும் வேகக் கட்டுப்பாடுமே. நான்கு கம்பி விசிறியை இன்டெல் வகுத்த முறைப்படி 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பால் மதர்போர்டு ஆள்கிறது. பயோஸில் வெப்பத்துக்கேற்ற வேகக் கோட்டை நாமே வரையலாம். 65, 70 டிகிரிவரை தட்டையான ஒரே வேகம், அதன்பின் மெல்ல ஏற்றம், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சில விநாடித் தாமதம். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் பிராசசர் ஒரு நொடி சூடேறி இறங்கும்போதெல்லாம் விசிறியும் துள்ளக் கூடாது.

விலையைப் பற்றி ஒரு சொல். ஆர்க்டிக்கின் பி12 ஸ்லிம் 300 முதல் 2100 சுற்றுவரை ஓடுகிறது. தெர்மல்ரைட்டும் மலிவான 15 மி.மீ. விசிறிகளைத் தருகிறது. இவை நாக்டுவாவின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கின்றன. காற்று தள்ளும் வேலையில் விலைக்கேற்ற வித்தியாசம் இல்லை. பேரிங்கில் மட்டும் கவனம் வேண்டும்: மெல்லிய விசிறியின் அச்சு குட்டையானது, அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நீளம் குறைவு. கூலரின் மேல் படுத்த நிலையில் ஓடும்போது சாதாரண ஸ்லீவ் பேரிங் விரைவில் தேய்ந்து கரகரக்கும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் உள்ளதையே எடுக்க வேண்டும். மெல்லிய சட்டம் எளிதில் வளையும் என்பதால் திருகாணிகளை அளவுக்கு மீறி முறுக்கவும் கூடாது. எந்த விசிறிக்கும் சில வேகங்களில் முனகல் உண்டு. அந்த வேகங்களைக் கண்டுபிடித்து, வேகக் கோட்டில் அந்த இடத்தைத் தாண்டிச் செல்லும்படி அமைத்துவிட்டால் மலிவான விசிறியும் மரியாதையாக ஓடும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சிறு விசிறிகளின் இரைச்சலை எதிர்ப்பு வைத்து அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 10302 என்ற தர முறை இருக்கிறது. அப்படியிருந்தும் கடைக்கு வரும் பெட்டிகளில், தடையற்ற வெளியில் அளந்த ஒற்றை டெசிபல் எண்ணே அச்சாகிறது. 25 மி.மீ. விசிறியை வாங்குபவர் அதனால் சிறிதே ஏமாறுவார், 15 மி.மீ. விசிறியை வாங்குபவர் பெரிதும் ஏமாறுவார். காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் வளைகோட்டையும், அதன் நடுப்பகுதியில் எழும் இரைச்சலையும் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். அதுவரை, வாங்கப் போகும் வாசகர் முதலில் பிராசசரின் மின்வரம்பை முடிவு செய்யட்டும். பிறகு கேபினட்டைத் திறந்து ஸ்கேலால் உயரத்தை அளந்து, ஹீட்சிங்குக்கு எவ்வளவு, உறிஞ்சும் இடைவெளிக்கு எவ்வளவு என்று எழுதி வைக்கட்டும். விசிறியின் பெயரைக் கடைசியாகத் தேடினால் போதும்.